வந்தாறுமூலை பக்கத்தில இருந்தும் புள்ள ஏன் காலிக்குப் போகுது? மாவட்டக் கோட்டா எப்பிடி வேல செய்யுது

போன கிழம பக்கத்து வீட்டு மாமி ஃபோனக் கொண்டுவந்து நீட்டுறா, மகளுக்கு மெடிசின் கிடைச்சிருக்கு, ருகுணு கம்பஸ், அதிட மெடிக்கல் பெகல்ட்டி தெற்கில காலியில. சந்தோசப்படுவா எண்டு பாத்தா மூஞ்சி தொங்கிப் போய்க் கிடக்கு. "என்னகா இது, இஞ்ச நம்மட ஊரிலயே மெடிக்கல் பெகல்ட்டி வச்சிக்கிட்டு என்ட புள்ளய காலிக்கு அனுப்புறானுகள், மட்டக்களப்புக்குக் கோட்டா இருக்கெண்டானே?" எண்டு கேட்டா. கோட்டா இருக்கு மாமி, ஆனா நீங்க நினைக்கிற கோட்டா அது இல்ல.

மாவட்டக் கோட்டா எண்டது வந்தாறுமூலையில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தில மட்டக்களப்பானுக்கு இத்தன சீட், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில அம்பாறையானுக்கு இத்தன சீட் எண்டு பிரிக்கிறது இல்ல. மெடிசின் எண்டா இலங்கையில இருக்கிற எல்லா அரச மெடிக்கல் பெகல்ட்டி சீட்டையும் ஒண்டாக் கூட்டி, அந்த மொத்தத்தத்தான் மாவட்டங்களுக்குப் பிரிக்கிறாங்க. மெடிசினுக்கு எடுபட்ட பிறகு எந்தக் கம்பஸ் எண்டத முடிவு பண்ணுறது நீங்க விண்ணப்பத்தில போட்ட விருப்ப ஒழுங்கும் புள்ளட இசட் ஸ்கோரும்தான் (மார்க்ஸ வச்சுப் போடுற ஸ்கோர், கீழ சொல்லுறன்). வீட்டுக்கும் கம்பஸுக்கும் எத்தன கட்ட தூரம் எண்டத ஒருத்தரும் பாக்கிறதில்ல.

பிரிக்கிற முறை இப்பிடி. மொத்த சீட்டில 40 வீதம் மெரிட், இலங்கை முழுக்க ஆர் இசட் ஸ்கோர் கூடவோ அவங்களுக்கு, எந்த மாவட்டம் எண்ட கேள்வியே இல்ல. 55 வீதம் 25 மாவட்டத்துக்கும் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின மாவட்டம் எண்டு குறிச்சிருக்கிற 16 மாவட்டத்துக்கு மேலதிகமா, அதுவும் சனத்தொகைப்படிதான். மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மூண்டும் அந்த 16க்குள்ள வருது.

கணக்காப் பாத்தாத்தான் விளங்கும். ஒரு கோர்ஸுக்கு நாடு முழுக்க 1000 சீட் எண்டு சும்மா வைப்பம். மாவட்டப் பங்கு 550. 2012 குடிசன மதிப்பீட்டில மட்டக்களப்பில அஞ்சேகால் லட்சம் சொச்சம் பேர், அதாவது நாட்டு சனத்தொகையில கிட்டத்தட்ட 2.6 வீதம், அப்ப 550ல நமக்கு 14 சீட். அம்பாறை ஆறரை லட்சம் கிட்ட, அவங்களுக்கு 17, 18 வரும். பின்தங்கின பங்கு 50 சீட்டில நமக்கு ஒரு மூண்டு, அம்பாறைக்கு நாலு மட்டில. ஆயிரத்தில பதினேழு, அவ்வளவுதான், இதுக்குத்தான் இவ்வளவு ரியூசனும் இவ்வளவு கண்ணீரும். மெரிட்டில எடுபடுற நம்மட புள்ளயள் இதுக்கு வெளியால, அவங்க மாவட்டப் பங்கத் தொடுறதில்ல, அதனால மெரிட்டில ஒரு புள்ள போனா பின்னால நிக்கிற புள்ளைக்கும் ஒரு இடம் மிஞ்சும்.

இசட் ஸ்கோர் 2001ல இருந்து இருக்கு. ஒரு பாடத்தில நீங்க எடுத்த மார்க்ஸ், அந்தப் பாடம் எழுதின எல்லாரிட சராசரியில இருந்து எவ்வளவு மேல, எவ்வளவு கீழ எண்டுறதுதான் அது, மூண்டு பாடத்துக்கும் எடுத்து சராசரி போடுவாங்க. அதனால மூண்டு ஏ எடுத்த ரெண்டு புள்ளைக்கு ரெண்டு இசட் ஸ்கோர் வரலாம், ஒருத்தர் கம்பஸ் போவார், மத்தவர் திரும்ப எழுதுவார். வெட்டுப்புள்ளி எண்டதும் முன்னுக்கே ஆரும் தீர்மானிச்சு வைக்கிற ஒண்டில்ல, அந்த மாவட்டத்தில கடைசியா எடுபட்ட புள்ளட ஸ்கோர்தான் வெட்டுப்புள்ளி, அதால போன வருசத்து வெட்டுப்புள்ளியப் பாத்துப் பயந்து விருப்ப ஒழுங்க மாத்திப் போடாதீங்க. புள்ளைக்கு எது வேணுமோ அது முதலாவது.

ஆர்ட்ஸ் புள்ளயளுக்கு இந்தக் கத பெரிசாப் பொருந்தாது, கலைப் பாடநெறிகள் பெரும்பாலும் மெரிட்டிலதான் எடுக்கிறது.

தரப்படுத்தல் எண்டா வயசுபோனாக்கள் இண்டைக்கும் கொதிப்பாங்க. 1970களில மொழி வாரியா மார்க்ஸச் சீராக்கினதும் அதுக்குப் பிறகு 1974ல மாவட்டக் கோட்டா வந்ததும் யாழ்ப்பாணத்துப் புள்ளயளுக்குப் பெரிய அடி, அது உண்மை. ஆனா அதே மாவட்டக் கோட்டா மட்டக்களப்பு மாதிரி இடங்களுக்கு வாசலத் திறந்து விட்டதும் உண்மை, இத நம்மடாக்கள் வெளிய சொல்லக் கூச்சப்படுவாங்க.

இப்ப முக்கியமான விசயம், ஆகக் கூடப் பேர் பிழ விடுற இடம். உங்கட மாவட்டம் எது எண்டது அடையாள அட்டையில இருக்கிற விலாசம் இல்ல, ஸ்கூல் இருக்கிற மாவட்டம், ஏஎல்லுக்கு (உயர்தரப் பரீட்சைக்கு) முந்தின மூண்டு வருசம் எங்க படிச்சது எண்டதத்தான் பாப்பாங்க. கொழும்பில படிச்சிட்டு கடைசி நேரம் இஞ்ச வந்து பதிஞ்சு லேசா உள்ள போற வேலையத் தடுக்கத்தான் இது. ஆனா நம்மட எல்லக் கிராமங்களுக்கு இது வேற மாதிரி வந்து விழும். பெரியகல்லாறு, துறைநீலாவணை மட்டக்களப்பு மாவட்டம், பஸ்ஸில கொஞ்சம் போனா பெரியநீலாவணை, அது அம்பாறை. கல்லாத்துப் புள்ள கல்முனையில படிச்சா வீடு மட்டக்களப்பு, கோட்டா அம்பாறை. அம்பாறைக் கோட்டா எண்டா கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று மட்டுமில்ல, உகணை, தெஹியத்தகண்டிய புள்ளயளும் அதே வரிசைக்குள்ளதான்.

மாமிட சின்ன மகன் இந்த முற ஓஎல் (சாதாரண தரம்), ஏஎல்லுக்குக் கல்முனைக்கு அனுப்புற யோசின. அனுப்புங்க, அது உங்கட முடிவு, ஆனா மூண்டு வருசத்தில ரெண்டு மாவட்டத்துப் பள்ளிக்கூடமும் வரும், அதால இப்பவே பழைய ஸ்கூல் அதிபரிட்ட சேந்த திகதி விலகின திகதி ரெண்டும் போட்டு கடிதம் எடுத்து வைங்க எண்டன், புதுசிலயும் அப்பிடியே எடுக்கணும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுட கைநூல்ல மாவட்டத்தப் பத்தி இருக்கிற பந்திய அந்தந்த வருசம் ஒருக்கா வாசிக்கவும் வேணும். மாமி எல்லாத்தையும் கேட்டிட்டு, "அப்ப காலிக்கு பஸ் எத்தின மணிக்குடா இருக்கு?" எண்டா.