எவுகரிஸ்தியா: நற்கருணை, நன்மை, நன்றியறிதல்

ஆங்கிலம் வழியாக ‘யூக்கரிஸ்ட்’ என்று நமக்குப் பழகிய சொல்லின் கிரேக்க மூலம் ‘எவுகரிஸ்தியா’. இயேசுவின் கடைசி இராவுணவை நினைத்து அப்பமும் கிண்ணமும் வைத்துச் செய்யும் வழிபாட்டின் பெயர் அது; தமிழ்க் கத்தோலிக்கர் இதை நற்கருணை என்கிறோம். ஆனால் கிரேக்கத்தில் அதன் நேர்ப்பொருள் நன்றி செலுத்துதல். இன்றைக்கும் ஏதென்ஸில் கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கொடுத்தால், வாங்குகிறவர் ‘எஃப்ஹரிஸ்தோ’ என்பார். ‘நன்றி’ என்று பொருள், வேர் அதேதான். திருச்சபையின் தலையாய வழிபாட்டுக்குப் பெயரே நன்றி. நற்கருணை என்று சொல்லும்போது இந்தப் பொருள் நம் காதில் விழுவதில்லை. அதனால்தானோ என்னவோ, நன்றி மன்றாட்டைச் செபத்தின் ஓர் ஓரத்தில், வேண்டுதல்களுக்குப் பின்னால், நேரம் இருந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம்.

சொல்லைப் பிரித்தால் ‘எவு’ என்பது நல்ல. ‘காரிஸ்’ என்பது அருள், கொடை, தயவு. இந்த ‘காரிஸ்’ இரு பக்கமும் பேசும் சொல். கொடுப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அருள். பெற்றவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நன்றி. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் (15:57) ‘கடவுளுக்கு நன்றி’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் பவுல் எழுதியிருப்பது ‘காரிஸ்’தான். இலத்தீனிலும் அப்படியே. ‘ஆவே மரியா, கிராசியா பிளேனா’ என்னும்போது ‘கிராசியா’ அருள். வாசகம் முடிந்ததும் ‘தெயோ கிராசியாஸ்’ என்னும்போது அதே சொல் நன்றி. இந்த ‘தெயோ கிராசியாஸ்’தான் நம் பூசையில் ‘இறைவா, உமக்கு நன்றி’ என்று ஒலிக்கிறது.

இயேசு கடைசி இராவுணவில் அப்பத்தைக் கையில் எடுத்தபோது செய்த செயலை லூக்கா (22:19) இந்த வேரிலிருந்து பிறந்த வினைச்சொல்லால்தான் குறிக்கிறார். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் ‘கடவுளுக்கு நன்றி செலுத்தி’ என்று இருக்கும். சீர்திருத்தச் சபையார் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அதே இடம் ‘ஸ்தோத்திரம்பண்ணி’. இரண்டும் சரிதான். இயேசு பேசிய சூழலில், பின்னால் இருந்த எபிரேய மரபில், புகழ்ச்சியிலிருந்து பிரித்து நன்றியை மட்டும் சொல்லத் தனி வினைச்சொல் கிடையாது. ‘தோதா’ என்ற எபிரேயச் சொல் நன்றி, புகழ், அறிக்கை மூன்றையும் சேர்த்துச் சொல்லும். லேவியர் நூல் 7-ஆம் அதிகாரத்தில் வரும் நன்றிப் பலிக்கும் அதுவே பெயர். 136-ஆம் திருப்பாடலின் முதல் வரியைப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பு ‘கர்த்தரைத் துதியுங்கள்’ என்கிறது. பொது மொழிபெயர்ப்பு ‘ஆண்டவருக்கு நன்றி செலுத்துங்கள்’ என்கிறது. மூலத்தில் உள்ளது ஒரே வினைதான். நம் ஊர்ப் பிள்ளைகள் சாமியாரைக் கண்டதும் கைகூப்பி ‘தோத்திரம் சாமி’ என்பார்களே, அந்தத் தோத்திரத்திலும் புகழும் நன்றியும் பிரிக்க முடியாமல்தான் கலந்திருக்கின்றன.

நன்றி செலுத்தும் செயலின் பெயர், செலுத்தும் வழிபாட்டுக்கே பெயரானது மிகத் தொடக்கத்திலேயே நடந்துவிட்டது. ‘திதாகே’ என்னும் தொடக்கத் திருச்சபைக் கையேடு, ‘எவுகரிஸ்தியாவைப் பொறுத்தவரை இவ்வாறு நன்றி செலுத்துங்கள்’ என்று கிண்ணத்துக்கும் அப்பத்துக்கும் மன்றாட்டுகளைத் தருகிறது. அந்தியோக்கியா நகரப் புனித இஞ்ஞாசியார் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய மடல்களில் இது பெயர்ச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. 155-ஐ ஒட்டி உரோமையில் எழுதிய புனித யுஸ்தின், ‘இந்த உணவை நாங்கள் எவுகரிஸ்தியா என்று அழைக்கிறோம்’ என்று பேரரசருக்கே விளக்குகிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 1328) இந்த அருளடையாளத்தின், அதாவது திருச்சபையின் இந்தப் புனிதச் சடங்கின், பெயர்களை அடுக்கும்போது முதலாவதாக இதைச் சொல்லி, கடவுளுக்கு நன்றி செலுத்தும் செயல் என்பதால் இந்தப் பெயர் என்கிறது.

தமிழுக்கு வருவோம். முத்துக்குளித்துறையில் முதலில் வந்த மறைபரப்பாளர்கள் போர்த்துகீசியச் சொற்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்தைத் தமிழில் தந்த அண்டிரிக் அடிகளார் காலத்து மொழி அது. இந்த வழிபாட்டைக் குறித்த ‘மிசா’ என்ற சொல் தமிழ் வாயில் ‘மீசை’யாகி நின்றது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, வழிபாட்டைக் குறிக்க இப்படியொரு சொல் தகாது என்று கண்டு ‘பூசை’யைக் கொண்டுவந்தார். இன்று ஏட்டில் திருப்பலி. வீட்டில் இன்னும் பூசைதான்.

இந்தச் சொல்லாக்க மரபில் வந்ததுதான் நற்கருணை. நல் + கருணை. ‘எவு’வுக்கு நல், ‘காரிஸ்’க்குக் கருணை என்று உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. மொழிபெயர்ப்பாக அழகானது, மரியாதை மிக்கது. ஆனால் ‘காரிஸ்’ஸின் இரு பக்கங்களில் ஒன்று மட்டுமே இதில் வந்திருக்கிறது: கொடுப்பவரின் கருணை. பெற்றவரின் நன்றி வரவில்லை. பேச்சு வழக்கில் மக்கள் இதை இன்னும் சுருக்கி ‘நன்மை’ என்றார்கள். ‘நன்மை வாங்குதல்’, ‘புதுநன்மை’ என்கிறோம். வெள்ளை உடையும் கையில் மெழுகுதிரியுமாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நாளுக்குப் ‘புதுநன்மை’யை விடப் பொருத்தமான பெயர் வேறு எந்த மொழியில் இருக்கிறதோ தெரியவில்லை. பெற்றுக்கொள்ளும் அப்பம்தான் நன்மை. மற்ற நன்மைகள் எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது ‘நன்றி’. இங்கேதான் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ஒருவருக்குப் பதிலாகச் சொல்லும் வார்த்தை என்பது இந்தச் சொல்லின் பழைய பொருளே அல்ல. குறள் ‘நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம்’ என்னும்போது நன்றி என்பது நன்மை. ‘காலத்தினாற் செய்த நன்றி சிறிதெனினும்’ என்னும்போது அது செய்யப்பட்ட உதவி. ‘நன்றி மறப்பது நன்றன்று’ என்பதிலும் மறக்கக் கூடாதது நமக்குள் எழும் உணர்வு அல்ல, ஒருவர் நமக்குச் செய்த நன்மை. நன்மை, நன்றி, நன்று மூன்றும் ‘நல்’ என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பிற்காலத்தில் செய்த நன்மையின் பெயரே, அதை நினைத்துச் சொல்லும் சொல்லுக்கும் ஆகிவிட்டது. கிரேக்கக் ‘காரிஸ்’ஸும் இலத்தீன் ‘கிராசியா’வும் நடந்த அதே பாதையில் தமிழ் தானாகவே நடந்திருக்கிறது.

அப்படியானால் நாம் இன்று நன்றியுணர்வு என்று சொல்வதற்குக் குறள் என்ன பெயர் வைத்தது? அதிகாரத் தலைப்பிலேயே இருக்கிறது: செய்ந்நன்றி அறிதல். செய்த நன்மையை அறிதல். உணர்தல், கூறுதல், செலுத்துதல் எதுவுமில்லை; அறிதல். பிறர் செய்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அது நன்மை என்று தெரிய வேண்டும், செய்தவர் யார் என்று தெரிய வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

இஞ்ஞாசியார் என்ற பெயரிலேயே இன்னொரு புனிதர், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், கிட்டத்தட்ட இதே சொல்லைத்தான் எழுதினார். 1542 மார்ச் 18 அன்று போர்ச்சுகலில் இருந்த தம் சபைத் தோழர் சிமாவோ ரொட்ரீகசுக்கு அவர் எழுதிய மடலில், படைத்தவரின் முன்னும் மனிதரின் முன்னும் மிக வெறுக்கத்தக்க பாவங்களில் ஒன்று நன்றிகேடு என்கிறார். காரணம் சொல்கிறார்: அது பெற்ற நன்மைகளையும் அருளையும் கொடைகளையும் அறியாமை, ஆகவே எல்லாத் தீமைக்கும் பாவத்துக்கும் அதுவே தொடக்கமும் ஊற்றும். ஸ்பானிய மூலத்தில் அவர் பயன்படுத்திய சொல்லுக்கு ‘அறியாமை’ என்பதே நேரான தமிழ். ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலின் இறுதித் தியானத்தில் (எண் 233) அவர் கேட்கச் சொல்லும் வரமும் இதுதான்: ‘பெற்ற இத்தனை நன்மையைப் பற்றிய உள்ளார்ந்த அறிவு’. அறிந்தால்தான் எல்லாவற்றிலும் அவரை அன்புசெய்து பணிபுரிய முடியும் என்று தொடர்கிறார். செய்ந்நன்றி அறிதல் என்பதை ஸ்பானியத்தில் எழுதச் சொன்னால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

நம் பங்குகளில் பூசைக்கு முன் உபதேசியார் வாசிக்கும் கருத்துகளிலும், அதாவது அன்றைய பூசை யாருக்காக, எதற்காக என்ற பட்டியலிலும், இந்த அறிவு இருக்கிறது. இறந்தோர் நினைவு, தேர்வு, உடல்நலம் என்று போகும் வரிசையில் ‘பெற்ற நன்மைகளுக்கு நன்றியாக, ஒரு குடும்பத்தார்’ என்று ஒரு வரி வரும். என்ன நன்மை என்று ஊருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பூசைக்காசு கொடுக்கப் பங்கு அலுவலகம் வரை நடந்தவருக்கு அது என்ன நன்மை, எந்த நாளில் வந்தது என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்கள் வைத்திருக்கும் காட்சிக்கூடத்திலும் இதைப் பார்க்கலாம். வெள்ளியில் செய்த கை, கால், கண், தொட்டில், வீடு. பொத்தாம்பொதுவான நன்றி அங்கே ஒன்றும் கிடையாது. கண் குணமானவர் கண்ணைத்தான் செய்து வைத்திருக்கிறார்.

ஆன்ம சோதனை என்றவுடன் நமக்கு நினைவு வருவது பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதற்கு) முன் பத்துக் கட்டளைகளை விரல்விட்டு எண்ணுவது. லொயோலா இஞ்ஞாசியார் அதே நூலில் (எண் 43) வகுத்த ஆன்ம சோதனையில் ஐந்து படிகள். பெற்ற நன்மைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்துவது முதல் படி. பாவத்தை அறியும் வரம் கேட்பது அதற்கடுத்து. பிறகுதான் எழுந்த நேரத்திலிருந்து மணிக்கு மணி கணக்குப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்த உறுதி எடுப்பது. இந்த வரிசை முக்கியம். நன்மையை அறியாதவருக்குத் தன் பாவம் சட்ட மீறலாகவே தெரியும். அறிந்தவருக்குத்தான் அது அன்பு செய்தவரை மறந்த செயல் என்று தெரியும்.

இதை வீட்டில் எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. இரவு செபமாலை முடிந்ததும் ‘எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே’ என்று முடித்துவிடாதீர்கள். அந்த நாளில் நடந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பெயர் சொல்லுங்கள். பேருந்தில் எழுந்து இடம் கொடுத்த பையன், சண்டைக்குப் பிறகு முதலில் பேசிய மனைவி, காய்ச்சல் இறங்கிய குழந்தையின் நெற்றி. யார் வழியாக வந்தது, அந்த நேரத்தில் என் நிலை என்னவாக இருந்தது என்று சற்று நின்று பார்த்த பிறகு, கொடுத்தவரை நோக்கி ஒரு சொல் போதும். ஒருவேளை எதுவுமே நினைவுக்கு வரவில்லை என்றால், அறியும் வரம் கேட்பதுதான் அன்றைய செபம்.

லூக்கா 17-இல் தொழுநோயாளர் பத்துப் பேரும் குணமானார்கள். திரும்பி வந்தவர் ஒருவர், அவரும் சமாரியர். ‘தாம் பிணிதீர்ந்திருப்பதைக் கண்டு’ திரும்பினார் என்று எழுதுகிறார் லூக்கா. பத்துப் பேர் உடம்பிலும் நடந்ததை ஒருவர் கண்டார். அவர் இயேசுவின் காலில் விழுந்து செய்ததற்கு லூக்கா எழுதும் சொல் ‘எவுகரிஸ்தோன்’.

துக்க வீட்டில் என்ன செய்வது? எளிதான பதில் இல்லாத கேள்வி இது. ‘எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள்’ என்கிறார் பவுல் (1 தெசலோனிக்கர் 5:18). பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் இந்த வசனத்தைச் சொல்லி, ‘இதற்கும் நன்றி சொல்லுங்கள்’ என்பவர்களைக் கண்டு நான் கலங்கியிருக்கிறேன். கிரேக்கத்தில் அந்த வரி ‘எல்லாவற்றிலும்’ என்று வேற்றுமை ஏற்று நிற்கிறது. நேர்ந்த இழப்புக்கே நன்றி சொல் என்று அந்த வரி கேட்கவில்லை. இழப்பின் நடுவிலும் நன்றியின் வழி அடைபட்டுப் போகவில்லை என்கிறது. அடக்கத் திருப்பலியிலும் குரு ‘நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்’ என்று அழைக்கிறார். பெட்டி நடுவில் இருக்க, மக்கள் ‘அது தகுதியும் நீதியும் ஆனதே’ என்கிறார்கள். பல நேரம் அதைச் சொல்ல முடியாமல் குடும்பத்தார் அழுதுகொண்டிருப்பார்கள்; சுற்றி நிற்கும் ஊர் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லும். திருச்சபை என்று ஒன்று எதற்கு என்று யாராவது கேட்டால் அந்த இடத்தைத்தான் காட்டத் தோன்றுகிறது.

சொற்களைப் பற்றி இறுதியாக என் முடிவு இது. அருளடையாளத்துக்கு நற்கருணை நிலைத்த சொல். அதை மாற்ற வேண்டியதில்லை. மறைக்கல்வி வகுப்பில் அதன் கிரேக்கப் பொருளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் போதும். அன்றாடச் செப முயற்சியைக் குறிக்க அண்மைக் காலத்தில் ‘நன்றியுணர்வைப் பயிற்சி செய்தல்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றியது அது. தமிழில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, மேலும் அது பார்வையைக் கொடுத்தவரிடமிருந்து நம் உணர்வின் மேல் திருப்பிவிடுகிறது. நம்மிடம் ‘நன்றியறிதல்’ இருக்கிறது. பெயரடையாக வேண்டுமென்றால் ‘நன்றியறிந்த’. பெரியவர்கள் செபத்தில் ‘நன்றியறிந்த மனதோடு’ என்று சொல்லி வந்தது இதைத்தான். எதிர்ச்சொல்லாக நன்றிகேடு, நன்றி மறத்தல் இரண்டையும் சூழலுக்கு ஏற்ப எழுதலாம். ‘நன்றி செலுத்துதல்’ திருவழிபாட்டு மொழியில் இருக்கட்டும், அங்கே அது பலியைச் செலுத்துவதோடு சேர்ந்து வருகிறது. தனிச் செபத்துக்கு நன்றியறிதலே பொருத்தம்.