நலிந்த விளையாட்டு வீரர் ஓய்வூதியம்: தகுதி இருந்தும் ஏன் கிடைப்பதில்லை?

தேசியப் போட்டிகளில் தமிழ்நாட்டுக்காக ஆடி ஜெயித்து, இன்று வருமானம் இல்லாமல் இருக்கும் பழைய வீரர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. 58 வயது முடிந்திருக்க வேண்டும். தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்திருக்க வேண்டும். மாத வருமான வரம்பு அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும். விண்ணப்பம் ஆணையத்தின் இணையதளத்தில். மதுரைக்காரர்கள் விவரம் கேட்க வேண்டிய இடம் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். அரங்கத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகம்.

காகிதத்தில் திட்டம் இவ்வளவுதான். ஆனால் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் தகுதி இருந்தும் கிடைக்காதவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் முதியோர் ஓய்வூதியம். விளையாட்டு ஓய்வூதிய விதிப்படி, மாநில அரசின் வேறு ஓய்வூதியம் வாங்குபவருக்கு இது கிடையாது. மத்திய அரசின் விளையாட்டு வீரர் ஓய்வூதியம் வாங்குபவருக்கும் கிடையாது. அறுபது வயதானதும் யாரோ நல்லெண்ணத்தில் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போய் 1,200 ரூபாய் முதியோர் பணத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த 1,200 இந்த 6,000-ஐ மறித்துக்கொள்கிறது. 58 முடிந்ததுமே முதலில் இதற்கு விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே முதியோர் பணம் வாங்கிக்கொண்டிருந்தால் அதை மறைக்காதீர்கள், ஆதார் எண்ணில் தெரிந்துவிடும். அவசரப்பட்டு ஒப்படைத்துவிடவும் வேண்டாம். இது உறுதியானதும் அதை விட்டுவிடுகிறேன் என்றால் ஏற்பீர்களா என்று விளையாட்டு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இரண்டையும் இழந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

அடுத்தது மூத்தோர் போட்டி, அதாவது வயதானவர்களுக்கென்று தனியாக நடக்கும் ‘மாஸ்டர்ஸ்’ போட்டிச் சான்றிதழ். வீட்டில் பளபளவென்று சட்டம் போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் இதுதான். இந்தத் திட்டத்தில் அதற்கு மதிப்பில்லை. மாநில அளவில் வாங்கிய முதல் பரிசும் உதவாது. அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி செல்லும். மதுரை காமராசர் பல்கலைக்கழக அணியில் ஆடிச் சான்றிதழைத் தொலைத்தவர்கள், ஆடிய ஆண்டையும் ஊரையும் குறிப்பிட்டுப் பல்கலைக்கழக உடற்கல்வித் துறைக்கு எழுதலாம். அணி இரண்டாம் இடம் வந்திருந்தும் சான்றிதழில் ‘பங்கேற்றார்’ என்று மட்டும் இருந்தால், இடத்தைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

அந்தக் கடிதத்தை யார் தருவது? பல்கலைக்கழக அணி இல்லையென்றால், அந்த விளையாட்டின் சங்கம்தான். இங்கேதான் நம் நாட்டு விளையாட்டு அரசியல் ஒரு கிழவனின் சோற்றில் வந்து விழுகிறது. எண்பதுகளில் ஹாக்கி ஆடியவர் கையில் இருப்பது இந்திய ஹாக்கி கூட்டமைப்பின் காலத்துச் சான்றிதழ். 2008-இல் லஞ்சப் புகாருக்குப் பின் இந்திய ஒலிம்பிக் சங்கம் அந்தக் கூட்டமைப்பை நீக்கிவைத்தது. 2009-இல் ஹாக்கி இந்தியா உருவானது. கபடியில் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த தேசியக் கூட்டமைப்பை 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு நிர்வாகியிடம் ஒப்படைத்தது. மேலே யார் தலைவர் என்று அவர்கள் வழக்காடிக்கொண்டிருக்க, கீழே ‘இந்தச் சங்கத்துக்கு இப்போது அங்கீகாரம் இல்லையே’ என்று பழைய வீரரின் காகிதம் திரும்பி வருகிறது. அவர் ஆடிய அன்று அதுதானே அங்கீகாரம் பெற்ற சங்கம்? அந்த ஆண்டில் இருந்த அங்கீகாரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். அந்த நாள் பத்திரிகைச் செய்தி, அணிப் புகைப்படம், உடன் ஆடியவரின் சான்றிதழ் எது கிடைத்தாலும் சேருங்கள். இன்றைய சங்க நிர்வாகி கையெழுத்துக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

2025 நவம்பர், டிசம்பரில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிக்காக இதே ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் புதுத் திடல் போட்டார்கள். ஊருக்கே பெருமைதான். இந்த மண்ணில் ஆடி வளர்ந்தவர்களின் பழைய காகிதங்களைத் தேடிச் சரிபார்க்க ஒரு ஆளைப் போடுவது அதைவிட எவ்வளவோ எளிய வேலை. அதையும் செய்தே ஆக வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று காட்ட, அப்பா பெயர் இருக்கும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் திருமணப் பதிவையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். விண்ணப்பம் திறந்திருப்பது சில நாட்கள்தான். அதற்குள் இதைத் தேட முடியாது.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். வி.ஏ.ஓ. விசாரிக்கும்போது ரேஷன் கார்டில் இருக்கும் மகன் சம்பளத்தையும் சேர்த்து எழுதிவிடுவார். மகன் தனியாகக் குடியிருந்தால் முதலில் கார்டைப் பிரித்துவிட்டு அப்புறம் போங்கள்.

கடைசியாக ஒன்று. ஆன்லைனில் போட்டதும் ஒப்புகையை அச்செடுத்து, மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கும் ஒவ்வொரு நகலுக்கும் தேதி, முத்திரை வாங்குங்கள். ‘சென்னைக்கு அனுப்பியாச்சு’ என்பார்கள். எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் என்று கேளுங்கள். சொல்லவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். அதோடு 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: என் விண்ணப்பம் இன்று யார் மேசையில் இருக்கிறது, நிராகரித்திருந்தால் எந்த விதிப்படி? 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.