மூன்று மாதத்துக்குக் குறையாமல்: சிங்கப்பூரில் வீட்டை வாடகைக்கு விடுவோர் கவனத்துக்கு

சிங்கப்பூரில் தனியார் வீடு ஒன்றை வாடகைக்கு விடுபவர், அது கூட்டுரிமை (கொண்டோமினியம்) வீடாக இருந்தாலும் தரைவீடாக இருந்தாலும், தொடர்ந்து மூன்று மாதங்களுக்குக் குறையாமல் தங்குபவருக்கே விட வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடு என்றால் குறைந்தபட்சக் காலம் ஆறு மாதம். தனியார் வீடுகளுக்கும் முன்பு ஆறு மாதமாக இருந்த இந்த வரம்பை நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017 ஜூன் 30 அன்று மூன்று மாதமாகக் குறைத்தது. விதி இவ்வளவுதான் என்றாலும், சொத்து முகவராக நான் சந்திக்கும் உரிமையாளர்களில் பலர் இதை அரைகுறையாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். அந்த அரைகுறையில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பெரும்பாலான குழப்பம் ‘90 நாள்’ என்ற எண்ணைச் சுற்றியது. “வருடத்துக்கு 90 நாள் வரை ஏர்பிஎன்பி இணையதளத்தில் விடலாமாமே?” என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. 2018இல் ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டபோது முன்வைத்த யோசனையில், உரிமைப் பங்கின் அடிப்படையில் 80 விழுக்காட்டு உரிமையாளர்கள் இசைந்தால் அந்தக் கூட்டுரிமை வளாகத்தில் ஆண்டுக்கு 90 நாள் வரை குறுகிய கால வாடகையை அனுமதிக்கலாம் என்று இருந்தது. அது சட்டமாகவில்லை. 2019 மே மாதத்தில், இருக்கும் மூன்று மாத விதியே தொடரும் என்று ஆணையம் அறிவித்துவிட்டது. லண்டனில் வீட்டைக் குறுகிய காலத்துக்கு விடுவதற்கும் 90 இரவு என்ற வரம்பு உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. அங்கே அது ஓர் ஆண்டில் விடக்கூடிய உச்சவரம்பு, இங்கே மூன்று மாதம் என்பதோ ஒருவர் தங்கியே ஆக வேண்டிய குறைந்தபட்சக் காலம். இரண்டும் நேர் எதிரானவை.

மீறினால் என்ன ஆகும் என்பதை விளக்க நான் வழக்கமாகச் சொல்வது டி’லீடன் வழக்கை. ஃபேரர் ரோட்டில் உள்ள அந்தக் கூட்டுரிமை வளாகத்தில் நான்கு வீடுகளை அனுமதியின்றிக் குறுகிய காலத்துக்கு விட்டதற்காக, 2018 ஏப்ரலில் இருவருக்குத் தலா 60,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. வீட்டுக்கு 15,000 வெள்ளி என்பது கணக்கு. சட்டம் அனுமதிக்கும் உச்ச அபராதமோ 200,000 வெள்ளி. மீண்டும் குற்றம் புரிபவர் சிறைக்கும் போக நேரலாம். சில வார வாடகையில் கிடைக்கும் கூடுதல் வருமானத்தை இந்தத் தொகைக்கு அருகில் வைத்துப் பார்ப்பவர் வேறு கணக்குப் போட மாட்டார்.

உரிமையாளர் தாமே விளம்பரம் செய்து மாட்டிக்கொள்வதைவிட, வாடகைக்கு எடுத்தவர் உள்வாடகைக்கு விட்டு உரிமையாளரை மாட்டிவிடுவதையே என் பணியில் அதிகம் பார்க்கிறேன். ஓர் உரிமையாளரின் இரண்டறை வீட்டை ஒரு நிறுவனம் ‘ஊழியர் தங்குவதற்கு’ என்று ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. வாடகை மாதம் தவறாமல் வந்தது. அவரும் மகிழ்ச்சியாகவே இருந்தார். ஒருநாள் வளாக நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது: வாரந்தோறும் புதிய முகங்கள் பெட்டிகளுடன் வருகிறார்கள், நீச்சல்குளத்தில் அறிமுகமில்லாதவர்கள் இருக்கிறார்கள் என்று. அவருடன் நானும் சென்று பார்த்தேன். மாடிப்படிக் கைப்பிடியில் எண் பூட்டுள்ள சிறிய சாவிப்பெட்டி தொங்கியது. உள்ளே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அச்சடித்து ஒட்டிய தாளில் வைஃபை கடவுச்சொல், குப்பை போடும் இடம் ஆகியவற்றுக்குக் கீழே, “காவலாளி கேட்டால் நண்பர் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லவும்” என்று எழுதியிருந்தது. ஒப்பந்தத்தில் எந்த ஊழியர் தங்கப்போகிறார் என்ற பெயரே இல்லை.

பெயர் இல்லாத அந்த ஓர் இடைவெளியே போதுமானதாக இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் நிறுவனமாக இருந்தாலும் உள்ளே தங்கும் ஒவ்வொருவரும் மூன்று மாதமாவது தங்க வேண்டும் என்பதால், தங்குவோர் பெயர்களை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மாற்றம் இருந்தால் எழுத்தில் இசைவு பெற வேண்டும் என்றும் சேருங்கள். எந்த இணையதளத்திலும் வீட்டை விளம்பரப்படுத்தக் கூடாது, முன்னறிவிப்புடன் உரிமையாளர் வீட்டைப் பார்வையிடலாம் என்ற இரு வரிகளும் அவசியம். நுழைவு அட்டைகளை எண்ணிக் கொடுங்கள். கூடுதல் அட்டைகள் கேட்டுக்கொண்டே இருப்பது எனக்குத் தெரிந்த முதல் அறிகுறி. வெளிநாட்டவர் என்றால் அசல் அனுமதி அட்டையைப் பார்த்து, கடவுச்சீட்டுடன் ஒப்பிட்டு, அதை வழங்கிய துறையின் இணையச் சேவையில் சரிபார்ப்பது உரிமையாளரின் கடமை. முகவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது உங்களைக் காப்பாற்றாது.

வீவக வீட்டு உரிமையாளர்களுக்கு நிபந்தனைகள் இன்னும் கடுமை. கழகத்தின் முன் அனுமதி வேண்டும். முழு வீட்டையும் விடுவதற்கு, உரிமையாளர் தாமே வசிக்க வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். நிரந்தரவாசிகள் முழு வீட்டையும் விட முடியாது. சுற்றுப்பயணிகளுக்கு அறையைக்கூட விடக்கூடாது. தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் வரும் சுற்றுப்பயணிகளுக்காகத் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்கு அருகில் ஓர் அறையை ‘நாலு நாளைக்கு மட்டும்’ விடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி வரியை மறுபடியும் படிக்க வேண்டும். விதி மீறினால் கழகம் வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் கொண்டது.

மூன்று மாத ஒப்பந்தம் எழுதிவிட்டு ஒரு வாரத்தில் ‘முன்கூட்டியே முடித்துக்கொள்ளும்’ உத்தியைச் சிலர் எனக்கே பரிந்துரைத்திருக்கிறார்கள். அதை நான் எழுதித் தருவதில்லை. தாளில் எத்தனை மாதம் இருக்கிறது என்பதை அல்ல, உண்மையில் எத்தனை நாள் யார் தங்கினார் என்பதையே அதிகாரிகள் பார்ப்பார்கள். குறுகிய காலம் தங்க வருபவரை உரிமம் பெற்ற விடுதிக்கு அனுப்புங்கள். ஒரு வாரமோ அதற்கு மேலோ தங்குபவருக்குச் சேவை அடுக்குமாடி வீடுகள் உண்டு, அவற்றின் குறைந்தபட்சத் தங்கும் காலம் ஏழு நாள். உங்கள் வாடகைதாரரின் விளம்பரத்தை இணையத்தில் கண்டால் முதலில் அதன் படத்தைத் தேதியுடன் சேமித்துவையுங்கள். பிறகு அவருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, அதே வாரத்தில் ஆணையத்திடமும் தெரிவித்துவிடுங்கள்.