நவுன் என்பது பிறவிக்குணம் இல்லை

இந்த வாரத்தில் இது 7-வது கடிதம். "ஐ ரிக்வெஸ்ட் ஃபார் யுவர் அட்வைஸஸ்" என்று இருக்கிறது. எழுதியவர் நன்றாகப் படித்தவர், சொல்ல வந்ததிலும் குழப்பம் இல்லை. ஆனால் இந்த ஒரே வரியில் இரண்டு பிழை. ஆங்கிலம் சொல்லித்தருவதும் இப்படிப்பட்ட கடிதங்களைத் திருத்துவதும்தான் என் வேலை, பிழையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது. ஒரே பிழை ஒரே காரணத்தால் திரும்பத் திரும்ப வருகிறதே, அதுதான் தாங்க முடியவில்லை.

வகுப்பில் "நவுன் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆள், இடம், பொருள் இவற்றின் பெயர்" என்று ஒரே குரலில் பதில் வரும். சரி, "ப்ளீஸ் வாட்டர் தி ப்ளான்ட்ஸ்" என்று பலகையில் எழுதி, இதில் வாட்டர் என்ன என்று கேட்டால்? "தண்ணீர் ஒரு பொருள்தானே மேடம், நவுன்" என்பார்கள். இல்லை. இங்கே அது 'தண்ணீர் ஊற்று' என்கிற வினை. அடுத்த நாளே "வாட்டர்டு" என்று இறந்தகாலம்கூட ஏற்கும்.

ஒரு சொல் நவுனாகவே பிறந்து நவுனாகவே சாகும் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். அந்த வாக்கியத்தில் அது என்ன வேலை பார்க்கிறது என்பதுதான் கேள்வி. இது நமக்குப் புதிதும் இல்லை. "பந்தை அடி" என்றால் வினை, "பலமான அடி" என்றால் பெயர். முதனிலைத் தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தோம். கெடு என்பது கேடு என்று திரிந்து பெயரானதையும் படித்தோம். ஆங்கிலத்தில் சிங் என்ற வினைக்குச் சாங் என்ற பெயர் இருப்பதும் அதே மாதிரிதான். தமிழில் சட்டென்று பிடிபடுவதை ஆங்கிலம் என்றதும் ஏன் மறந்துவிடுகிறோம்? டிசிஷன், டிலே, ஹானஸ்டி எதையும் கையில் எடுத்துக் காட்ட முடியாது, ஆனாலும் "தி டிசிஷன்", "எ லாங் டிலே", "யுவர் ஹானஸ்டி" என்று வரும்போது எல்லாமே நவுன். அந்த 'எ', 'தி', 'யுவர்' எல்லாம் பின்னால் ஒரு நவுன் வருகிறது என்று சொல்லும் கட்டியக்காரர்கள். நடுவில் 'லாங்' மாதிரி ஓர் அடைமொழி புகுந்தாலும் ஏமாறாதீர்கள்.

இப்போது அந்த 'ஃபார்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். "எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" சரி, அங்கே ரிக்வெஸ்ட் பெயர். வினையானதும் 'ஃபார்' கழன்றுவிடும். "டிஸ்கஷன் அபவுட்" சரி, "டிஸ்கஸ் அபவுட்" தவறு. "எம்ஃபசிஸ் ஆன்" சரி, "எம்ஃபசைஸ் ஆன்" தவறு. "எ விசிட் டு" சரி, "விசிட்டட் டு" தவறு. பெயருக்குத் துணையாக வரும் சொல்லை வினையோடும் அனுப்பிவைக்கிறோம், அவ்வளவுதான். பல வருடமாகத் திருத்துகிறேன், அலுவலகக் கடிதங்களில் நான் அதிகம் அடிப்பது இந்த அபவுட்டையும் ஃபாரையும்தான்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. "லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ" என்று முடிக்கிறார்கள். 'டு' வந்தாலே பின்னால் வினை என்று கை பழகிவிட்டது. இந்த 'டு' அந்த டு இல்லை, இதற்குப் பின்னால் பெயர் வேண்டும். "லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை" என்று எழுதிப் பாருங்கள், புரிந்துவிடும். அதனால்தான் அங்கே 'ஹியரிங்', நம் 'கேட்டல்' மாதிரி.

அட்வைஸஸ், இன்ஃபர்மேஷன்ஸ், ஃபர்னிச்சர்ஸ், இக்விப்மென்ட்ஸ், லக்கேஜஸ்: தயவுசெய்து இவற்றை எழுதாதீர்கள். ஆங்கிலம் இவற்றை எண்ணுவதில்லை. எண்ணியே ஆகவேண்டும் என்றால் "டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்". அகராதியில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், பக்கத்தில் 'சி' என்றிருக்கிறதா 'யூ' என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். சி என்றால் எண்ணலாம், யூ என்றால் எண்ணக்கூடாது.

அட்வைஸ் என்ற சொல்லிலேயே இன்னொரு பள்ளமும் இருக்கிறது. பெயர் என்றால் எழுத்தில் 'சி', உச்சரிப்பில் பாம்பு சீறுகிற ஒலி. வினை என்றால் 'எஸ்', வண்டு ரீங்காரமிடுகிற ஒலி. ப்ராக்டிஸில் ஒலி மாறாது. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் மட்டும் பெயருக்கு சி, வினைக்கு எஸ். அமெரிக்க முறையில் இரண்டுக்கும் சி. அப்புறம் ப்ரனவுன்ஸ் வினை, பெயர் ப்ரனன்சியேஷன். நடுவில் இருந்த 'ஓ' காணாமல் போய்விடும். அதை ப்ரனவுன்சியேஷன் என்று சொல்லித்தரும் ஆசிரியர்களே இருக்கிறார்கள், கேட்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஐம்பது புதுச் சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட, ஐந்து சொற்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பெயராக ஒரு வாக்கியம், வினையாக ஒரு வாக்கியம் உங்கள் கையால் எழுதுங்கள். பின்னால் என்ன துணைச்சொல் வருகிறது என்று கோடு போடுங்கள்.

அந்தக் கடிதத்தை நான் திருத்தவில்லை. ரிக்வெஸ்ட் என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, "இங்கே இது என்ன வேலை பார்க்கிறது?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினேன். "ஐ ரிக்வெஸ்ட் யுவர் அட்வைஸ்" என்று அன்றைக்கே வந்தது. நான் சொல்லாமலே அட்வைஸஸும் திருந்தியிருந்தது. கடைசி வரியில் "டு ஹியர்" மட்டும் அப்படியே நின்றது, அதற்கும் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன்.