பழந்துணி என்றே எழுதலாம்

‘மீட்டெடுக்கப்பட்ட ஜவுளியின் வழியே பண்பாட்டு மரபை ஆராயும் கலைஞர்.’ பெரம்பூர்ப் பக்கம் நடந்த ஒரு கண்காட்சியின் அழைப்பிதழில் இப்படி அச்சிட்டிருந்தார்கள். இந்தத் தொடரை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். உடுத்தி நைந்த சேலை, கிழிந்த வேட்டி, தையற்கடையில் விழுந்த துண்டு ஆகியவற்றைச் சேர்த்துத் தைத்துக் கலை செய்பவரைத்தான் இவ்வளவு சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள். அந்தப் பொருளுக்குப் பழந்துணி என்று பெயர்.

துணித்தல் என்றால் வெட்டுதல். தறியிலிருந்து அறுத்தெடுத்ததால் துணி. பழைய பெயரான அறுவையும் அப்படித்தான். சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர்.

மீட்டல் என்றால் பிறர் கையில் சிக்கியதைத் திரும்பப் பெறுவது. ஆநிரை மீட்டார்கள், அடகு நகையை மீட்கிறோம். அம்மாவின் சேலை அம்மாவின் பெட்டியிலிருந்துதானே வருகிறது, அதை யாரிடமிருந்து மீட்டார்கள்? ஜவுளியும் பொருந்தாது. பண்டிகைக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளில் எடுப்பது ஜவுளி. துவைத்துத் துவைத்து நூல் தெரியும் புடவையை எந்த வீட்டிலும் ஜவுளி என்பதில்லை.

இன்னும் சிலர் ‘மறுசுழற்சித் துணி’ என்கிறார்கள். இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுகளைப் பிய்த்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக நூற்கிறார்கள். அது மறுசுழற்சி, பழைய துணி அங்கே அழிந்துபோகிறது. இந்தக் கலையிலோ அது அழியவே கூடாது. சாயம் வெளுத்த இடமும் மஞ்சள் கறையும் பாட்டி போட்ட ஒட்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மரபு இருப்பதே அவற்றில்தான். ‘கழிவுத் துணி’ என்பவர்களுக்கு, அதை உடுத்தியவர்கள் மேல் மரியாதை இல்லை.

கந்தை நல்ல சொல். வடமொழிக் கந்தாவுக்கும், பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தாவுக்கும் உறவு. ஆனால் ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு வறுமைதான் முதலில் தோன்றும். பழந்துணியில் அந்தக் குறை இல்லை. பிறந்த பிள்ளையைக் கிடத்துவது பழந்துணியில். தூளி கட்டுவது பழஞ்சேலையில். மென்மையும் உடுத்தியவரின் நினைவும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன.

வடசென்னையில் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணியை வெளுத்தவர்களால் பெயர் பெற்றது வண்ணாரப்பேட்டை. அந்தக் கம்பெனியின் ஆளுநர் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. பெரம்பூரில் பின்னி மில் 1996 வரை துணி நெய்தது. இப்படிப்பட்ட ஊருக்கு அழைப்பிதழ் எழுதுகிறவர் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டு, கடைசியில் ஒரு ‘ப்பட்ட’ சேர்க்கிறார். பக்கத்துத் தையற்கடையில் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

தையற்கடை மிச்சம் மட்டும் என்றால் வெட்டுத்துணி. துணிமேல் துணி வைத்துத் தைத்தால் ஒட்டுப்போடுதல். இவற்றில் கலை செய்பவரைப் பழந்துணிக் கலைஞர் என்று அழைக்கலாம். அழைப்பிதழில் ‘பழந்துணியில் நம் மரபைத் தேடுபவர்’ என்று போட்டால் போதும்.