404 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரமா?

பல்லடத்தில் தறி ஓட்டும் என் மாமா, சென்னைக்கு விமான டிக்கெட்டைக் கையில் வாங்கியதுமே கணக்குப் போட்டுவிட்டார். "ஏம் மாப்ள, ஏரோப்ளேன் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் போகுமுங்கறாங்க. மெட்ராஸுக்கு அரை மணி நேரத்துல போயிரோணுமல்ல? ஒண்ணேகால் மணின்னு போட்டிருக்குதே?"

கணக்கு சரிதான். கோவை பீளமேடு விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு நேர்கோடு இழுத்தால் சுமார் 404 கி.மீ. ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை, காட்பாடி என்று வளைந்து போகும் ரயிலுக்கு ஏறத்தாழ 500. ஆனால் 404 கி.மீ.யை ஒன்றேகால் மணியால் வகுத்தால் வேகம் 323 கி.மீ.தான் வருகிறது.

முதல் விஷயம், டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தை விட்டு விமானம் நகர்ந்ததிலிருந்து, சென்னையில் போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை எல்லாம் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானத்துக்காகக் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும்.

பெரிய காரணம் வானத்தில் இருக்கிறது. 30,000 அடிக்கு ஏறவே சுமார் 150 கி.மீ. ஆகிவிடும். அந்த நேர்கோட்டில் பார்த்தால், பவானியைத் தாண்டிச் சேலம் வந்துவிடும். இறங்குவதற்கு விமானிகள் வைத்திருக்கும் வாய்ப்பாடு எளிது: உயரம் எத்தனை ஆயிரம் அடியோ, அதை மூன்றால் பெருக்கினால் அத்தனை கடல் மைல். 30 ஆயிரத்துக்கு 90 கடல் மைல், அதாவது 167 கி.மீ. வேகத்தைக் குறைக்கக் கொஞ்சம் சேர்த்து 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை வருமுன்பே இறக்கம் தொடங்கியாக வேண்டும். எண்ணூறில் சமமாகப் பறக்கக் கிடைப்பது நடுவில் எழுபது, எண்பது கி.மீ.தான். அதிலும் 10,000 அடிக்குக் கீழே வந்தால் 250 நாட், அதாவது 463 கி.மீ. என்று வேகக் கட்டுப்பாடு வேறு.

"லட்சுமி மில்ஸ்ல ஏறி, பக்கத்துல இருக்கற ஹோப்ஸ்ல இறங்கற டவுன் பஸ் டாப் கியர் போட்ட மாதிரிங் மாமா" என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. மணிக்கு 500 கி.மீ. போகும், விசிறி வைத்த ஏடிஆர் விமானம் இந்த மாதிரிக் குறுந்தூரத்தில் ஜெட்டுக்குப் பெரிதாகப் பின்தங்காததும் இதனால்தான். கோவையிலிருந்து ஷார்ஜா போகும் கதை வேறு. தூரம் சுமார் 2,770 கி.மீ., கிட்டத்தட்ட ஏழு மடங்கு. நேரமோ நான்கு மணி சொச்சம்தான். ஏற்ற இறக்கத்துக்கு நடுவே ஓட இடம் நிறைய.

ஆடி மாதம் மாமா போய் இறங்கியதும் போன் செய்தார். "மெட்ராஸ் பிளேனை எதுக்கு மதுக்கரைப் பக்கமா உட்டாங்க?"

மதுக்கரை இருப்பது தென்மேற்கே, சென்னைக்கு எதிர்ப்பக்கம். அது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் வேலை. இறக்கை விமானத்தைத் தூக்க, அதன்மேல் காற்று வேகமாக ஓட வேண்டும். எதிர்க்காற்று 30 கி.மீ. இருந்தால், தரையில் ஓட வேண்டிய வேகத்தில் அந்த முப்பது மிச்சம். கோவை ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கிறது. திசைகாட்டியில் ஒரு முனை சுமார் 230 டிகிரி, எதிர்முனை 50. அதனால்தான் அதற்கு 23, 05 என்று பெயர். தென்மேற்குப் பருவத்தில் வடகிழக்கே இருக்கும் சென்னைக்குப் போகும் விமானமும் கணவாயைப் பார்த்துத்தான் கிளம்பும். பிறகு பெரிதாக ஒரு திரும்பு. சில நிமிடம் அதற்கே போய்விடும்.

சென்னையிலிருந்து வரும்போது அந்தத் திரும்பு இல்லை. வந்த போக்கிலேயே நேராக இறங்கிவிடலாம். அவரைக் கூப்பிடப் போன நான், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சித்ரா ஸ்டாப்பில் டீ சொல்லிவிட்டு நின்றிருந்தேன். டீ வருமுன்பே போன் அடித்தது.