பழைய தொழிற்சாலை நிலம் வாங்கப் போகிறீர்களா? மண்ணையும் விசாரியுங்கள்

பழைய தொழிற்சாலை ஒன்று விலைக்கு வருகிறதென்றால், தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்க்காமல் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. அந்த இடத்தில் என்ன தயாரித்தார்கள், கழிவை எங்கே கொட்டினார்கள் என்ற கேள்வியோ, பெரும்பாலும் கிரயம் முடிந்த பிறகு, கடன் தரும் வங்கியோ வெளிநாட்டுப் பங்குதாரரோ கேட்கும்போதுதான் எழுகிறது. நிலமாசு ஆய்வைத் தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் நான் வாங்குவோரிடம் வற்புறுத்துவது, மண்ணைப் பற்றிய விசாரணையை முன்பணத்துக்கு முன்பே நடத்துங்கள், அந்த ஆலையின் வரலாற்றிலிருந்து அதைத் தொடங்குங்கள் என்பதைத்தான்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அதன் வளாகத்திலேயே திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. உற்பத்தி நின்ற பிறகும் ஒவ்வொரு மழையிலும் ஹெக்சாவேலன்ட் குரோமியம் என்ற நச்சு வகை கரைந்து, நிலத்தடி நீரை மஞ்சளாக்கி, பாலாற்றுப் பக்கம் நகர்ந்தது. குவியலை என்ன செய்வது, செலவை யார் ஏற்பது என்ற கேள்விகள் பத்தாண்டுக் கணக்கில் நீண்டன. அங்கே கழிவு கண்ணுக்குத் தெரிந்தது. நகரங்களின் ஓரத்தில் மனைப்பிரிவாகவோ அடுக்குமாடிக் குடியிருப்பாகவோ மாறக் காத்திருக்கும் முலாம் பூசும் பட்டறைகளிலும், சாயப்பட்டறைகளிலும், பேட்டரி ஈயம் உருக்கிய கொட்டகைகளிலும் அது தெரிவதில்லை.

ஆய்வின் முதல் கட்டத்தில் மண்ணைத் தொட வேண்டியதே இல்லை. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின்படியும் 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தின்படியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கிய பழைய இசைவாணைகளைக் கேட்டு வாங்கினால், ஆலை எதைத் தயாரித்தது, எவ்வளவு கழிவுநீர் வெளியேறியது, அது எங்கே விடப்பட்டது என்பவை ஓரளவு தெரிந்துவிடும். அபாயக் கழிவு விதிகள் 1989இல்தான் வந்தன என்பதால், அதற்கு முன்பே மூடிய ஆலைகளுக்குக் கழிவுக் கணக்கைத் தேடிப் பயனில்லை. அத்தகைய இடங்களில் அங்கே வேலை பார்த்த ஒரு முதியவரோடு அரை மணி நேரம் பேசுவது எந்தக் கோப்பையும்விட மேலானது. “பின்பக்கச் சுவரோரம் ஒரு பெரிய குழி இருந்துச்சு சார், தொட்டி கழுவுறதெல்லாம் அங்கதான் போகும்” என்று அவர் கைகாட்டும் இடத்தைத்தான் நாங்கள் முதலில் தோண்டுகிறோம். பழைய செயற்கைக்கோள் படங்களில் அந்தக் குழியோ ஆவியாக்கத் தொட்டியோ இருந்த தடம் தெரிந்தால், அவர் சொன்னது உறுதியாகிறது.

அடுத்து, இடத்தை நடந்து பார்க்க வேண்டும். அமிலம் அரித்த தளம், வடிகால் விரிசல், மின்மாற்றியின் அடியில் எண்ணெய்க் கறை, மழைக்காலத்திலும் புல் முளைக்காத திட்டு ஆகியவை எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டியவை. செங்கல் சுவரின் அடிப்பகுதியில், உப்பு பூப்பதுபோல் மஞ்சள் நிறம் பூத்திருந்தால், அங்கே குரோமேட் (ஹெக்சாவேலன்ட் குரோமியத்தின் உப்பு) சுவருக்குள் ஏறியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். விற்பனைக்கு முன் புதிதாகக் கிராவல் கொட்டிச் சமன் செய்த நிலம் என்றால் என் சந்தேகம் இன்னும் கூடும். அப்படிப்பட்ட ஒரு பழைய முலாம் பட்டறையில் துளையிட்டபோது, மேலே ஒரு முழத்துக்குச் சிவந்த கிராவலும், அதன் கீழே களிமண்போல் வழவழப்பான பச்சைச் சாம்பல் நிறக் கசடும் வந்தன. அதில் நாற்றம் எதுவும் இல்லை. விற்பவர் காட்டிய ஆய்வறிக்கை மண் சுத்தமாக இருப்பதாகச் சொன்னது. அது பொய்யும் அல்ல, ஏனெனில் அவர்கள் சோதனைக்கு அனுப்பியது லாரியில் வந்திறங்கிய கிராவலை.

இதனால்தான் மாதிரி எடுக்கும் முறையை அறிக்கையின் முடிவைவிடக் கவனமாகப் படிக்கச் சொல்கிறேன். பல இடங்களில் எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால், ஒரு மூலையில் இருக்கும் கடும் மாசு சராசரியில் கரைந்துவிடும். இயந்திர பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள், கலக்கும்போதே ஆவியாகிப் போய்விடும். மேல்மண்ணில் தொடங்கி, இயற்கையான மண்ணோ சிதைந்த பாறையோ வரும்வரை அடுக்கடுக்காக எடுப்பதே முறை. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் கணிக்கக் குறைந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்டம் வேண்டும். அவற்றில் ஒன்றாவது நீர் இந்த நிலத்துக்குள் நுழையும் பக்கம் இருந்தால்தான், மாசு இந்த நிலத்தில் பிறந்ததா, பக்கத்து ஆலையிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய முடியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் தண்ணீரைச் சோதிப்பதும் அவசியம், ஏனெனில் நீர்மட்டம் ஏறும்போது அதுவரை உலர்ந்து கிடந்த கசடு நனைகிறது.

ஆய்வகத்திடம் எதைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் பெரும்பாலும் டிரைவேலன்ட் வகை. அது மண்ணில் அவ்வளவாக நகராது. முலாம் பூசவும் குரோமேட் தயாரிக்கவும் பயன்படும் ஹெக்சாவேலன்ட் வகை நீரில் எளிதில் கரைவது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மொத்தக் குரோமியத்தை மட்டும் சோதித்தால் இரண்டும் ஒரே எண்ணாக வந்து, தேவையற்ற பயத்தையோ தேவையற்ற நிம்மதியையோ தரும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் மொத்தக் குரோமியத்தை வரம்பாக வைத்திருக்கிறது. நிலத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரை முதலில் அதனோடு ஒப்பிடுங்கள். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, குறிப்பிட்ட அந்தச் சோதனைக்கும் அது உண்டா என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு சுத்தம் போதும் என்பது நிலத்தை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. கிடங்குக்கும் வாகன நிறுத்தத்துக்கும் பொருந்தும் அளவு, குழந்தைகள் மண்ணில் விளையாடும் குடியிருப்புக்குப் பொருந்தாது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானி ஆலையில், மண்ணைத் தூய்மைப்படுத்தக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்று இலக்கு வைக்கப்பட்டபோது, சுவருக்கு அப்பால் சோலைக்காடு இருக்கையில் அது போதாது என்று சூழல் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். மதிலுக்குள் யார் வாழப் போகிறார்கள் என்பதோடு, மதிலுக்கு வெளியே தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் சேர்த்தே அந்த எண்ணை முடிவு செய்ய வேண்டும் என்பதே என் கருத்தும். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு ஏற்றது என்ற அறிக்கையைக் காட்டிக் குடியிருப்பு மனை விற்பதை நான் பார்த்திருக்கிறேன். வீடு வாங்குவோர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்காமல், எந்தப் பயன்பாட்டுக்காக அது எழுதப்பட்டது என்ற பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும்.

மாசு உறுதியானாலும் நிலத்தைக் கைவிட வேண்டும் என்பதில்லை. கசட்டை அகற்றலாம், மாசு கரைந்து நகராதபடி நிலைப்படுத்தலாம், மேலே நீர் புகாத மூடி அமைத்து அதன் மீது கட்டலாம். மூடி அமைத்த இடத்தில் பிறகு யாரும் போர் போடவோ தரைத்தளத்துக்குக் கீழே தோண்டவோ கூடாது என்பது பத்திரத்தில் ஏற வேண்டும். 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகள், இத்தகைய இடங்களைக் கண்டறிவதற்கும், ஆய்வு செய்வதற்கும், தூய்மைப்படுத்தும் செலவை மாசுபடுத்தியவரிடம் வாங்குவதற்கும் வழி வகுத்துள்ளன. ஆயினும் மாசுபடுத்தியவர் கம்பெனியையே கலைத்துவிட்டுப் போயிருந்தால், வழக்கு நடக்கும் காலமெல்லாம் நிலம் சும்மா கிடப்பது வாங்கியவருக்குத்தான் நட்டம். ஆகவே, தூய்மைப்படுத்தும் செலவைப் பேசி விலையில் கழிக்க வேண்டும், அல்லது அந்தப் பொறுப்பு விற்பவருடையது என்று கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அடித்தளம் தோண்டும்போது வெளிவரும் மாசு மண்ணை லாரிக்காரர் ஏதோ ஓர் ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வராமல், கும்மிடிப்பூண்டியில் உள்ளதுபோன்ற அபாயக் கழிவு மேலாண்மைக் களத்துக்குக் கொண்டு சேர்த்ததற்கான சீட்டை ஒவ்வொரு நடைக்கும் வாங்கி, அதைக் கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருங்கள்.